பச்சை டிக்

இருபது வருடமாகக் கிடங்கு மேற்பார்வையில் குப்பை கொட்டுகிறவர் அவர். ஒரே ஆணி இரண்டு அலமாரியில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு பொருளுக்கு ஒரு இடம் என்பது அவர் கட்சி. அதை அவர் மனைவியின் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனார்.

மனைவி மருத்துவப் பாடநூல்களுக்குப் படம் வரைகிறவள். மனிதக் கையின் எலும்பு, நரம்பு, தசை என்று நூற்றுப் பதினான்கு படங்கள், பதினோரு மாத உழைப்பு. திங்கட்கிழமை பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும். படங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரிலும், மேசைமேல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்றிலும் இருந்தன. இங்கே எது மாறினாலும் அங்கேயும் அப்படியே மாற்றிவைக்க ஒரு சாஃப்ட்வேர். சொன்ன பேச்சை அது தட்டவே தட்டாது.

சனிக்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு ஃபோல்டரும் துடைத்துவிட்டாற்போல் கிடந்தன.

"ஏங்க, இதுல கை வச்சீங்களா?"

"ஒரே படம் ரெண்டு இடத்துல கிடந்துச்சு. இடம் பத்தலைன்னு நீதானே புலம்பின. ஒரு இடத்துல இருந்ததைத்தான் எடுத்தேன். இன்னொண்ணு அப்படியே இருக்கும் பாரு."

"ரீசைக்கிள் பின்?"

"அதையும் காலி பண்ணிட்டேன். குப்பையை எதுக்குச் சேர்த்து வைக்கணும்?" என்றார், நல்ல பேர் வாங்கப்போகிற முகத்தோடு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை மட்டும் திட்டவும் வழியில்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழி என்று சொல்லிவைத்தவளே அவள்தான். அழித்ததை ஒரு மாதம் வைத்திருக்கவா என்று அந்தச் சாஃப்ட்வேர் கேட்டபோது, இடத்தை அடைக்கும் என்று வேண்டாமென்றவளும் அவள்தான்.

அப்போதுதான் பழைய லேப்டாப் நினைவுக்கு வந்தது. அதே சாஃப்ட்வேர், அதே ஃபோல்டர் அதிலும் உண்டு. பத்து நாளாகத் திறக்கவில்லை, நூறு படமாவது தேறும். ஆனால் நெட் கிடைத்தால் போதும், அதுவும் இதைப் பார்த்துத் தன்னைத் துடைத்துக்கொள்ளும். முதலில் வைஃபையைப் பிடுங்க வேண்டும்.

"பீரோவுல பழைய லேப்டாப் இருக்கு, எடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு ஓடினாள்.

வைஃபை பெட்டி அலமாரி உச்சியில், நான்கு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. அதுவும் அவர் ஒழுங்குபடுத்திய இடம். ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, தும்மிக்கொண்டே வயரைத் தேடிப் பிடித்தாள்.

கீழே அவர் லேப்டாப்பைத் திறந்தபடி ஏந்திக்கொண்டு நின்றார்.

"உனக்கு நேரம் மிச்சமாகட்டும்னு நானே ஆன் பண்ணிட்டேன். ஏதோ தானா ஓடிச்சு, முடிஞ்சிடுச்சு. பச்சை டிக் வந்திருக்கு பாரு."

அவள் பார்த்தாள். அதிலும் ஃபோல்டர் காலி. எடுத்துட்டு வாங்க என்றாளே தவிர, ஆன் பண்ணாதீங்க என்று சொல்லவில்லை. வயரை என்ன செய்வதென்று தெரியாமல் பிடுங்கினாள்.

"அடடா, நெட் போயிடுச்சே," என்றார் அவர். "நல்லவேளை, அதுக்குள்ள வேலை முடிஞ்சுது."