கூடத்தில் வந்து உட்கார்ந்த மனை

கோரிமேட்டுச் சரிவில் பக்கிரி வாங்கிப் போட்டிருந்த மனை, ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் இடத்தை விட்டுக் கிளம்பி, கீழே பள்ளத்துத் தெருவில் இருந்த ஆதிலட்சுமியின் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கற்களும் மூலைக்கு ஒன்றாகக் கூடவே வந்துவிட்டன. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் தக்காளி விலை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. பெரிய மார்க்கெட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்த மேட்டில் முன்பு முந்திரியும் பனையும் நின்றன. பெய்கிற மழையில் பாதியை மேடே குடித்துவிடும். மீதி ஒரு வாய்க்காலில் இறங்கி, யாரையும் தொந்தரவு செய்யாமல் கடலுக்குப் போகும். மனை போட்டவர்கள் வந்தார்கள். மரங்களை வேரோடு பிடுங்கினார்கள், மேட்டைச் சீவினார்கள், வாய்க்காலைத் தூர்த்து அதன்மேல் தார் போட்டு அகலச் சாலை என்று விளம்பரம் செய்தார்கள். புரட்டாசிக் கடைசியில் மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு, ஐப்பசியில் மழை வருகிறதே என்று வாயைப் பிளந்தவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும். புல் முளைக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. பிடித்துக்கொள்ள வேர் இல்லை, போவதற்கு வழியும் இல்லை என்றால் மண் என்ன செய்யும்? தண்ணீரோடு கிளம்பிவிட்டது. தண்ணீர் பள்ளத்தைத் தேடும்; பள்ளத்தில் எப்படிப்பட்டவர்கள் குடியிருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆதிலட்சுமியின் புருஷன் காத்தவராயன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியபோது கைக்கு வந்ததை வைத்து ஒரு கூடமும் ஒரு சமையலறையுமாகக் கட்டிய வீடு அது. அவள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டைத் தவிர இருவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு: மழைக்கு முன்னால் அவரவர் செம்மண் கிராவல் வாங்கிக் கொட்டித் தரையை உயர்த்திக்கொள்வார்கள், பக்கத்து வீட்டை விட ஒரு சாணாவது கூடுதலாக. அதனால் கூடம் நிறைய மண் வந்து கிடந்ததைப் பார்த்து ஆதிலட்சுமிக்குச் சந்தோஷம்தான். அவளோடு வேலை செய்கிற சிநேகிதி மணியம்மாள் கீழ்த்தெருவிலிருந்து வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தாள். "ஒரு லோடு கிராவலுக்கு லாரிக்காரன் இன்னா வெல சொல்றான்! உனக்கு மழையே கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்குதுடி" என்றாள். இரண்டு பேருமாகத் தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்து இடித்து மண்ணைக் கெட்டிப்படுத்தி, மேலே சிமெண்டும் பூசினார்கள். ஆதிலட்சுமி செய்த தப்பு அதுதான். ஈரமாக இருக்கும்போதே வாரி வெளியே தள்ளியிருந்தால் அது தன் பாட்டுக்குப் போயிருக்கும்.

இடித்து உட்கார வைத்தால் மண் உட்கார்ந்துவிடும். பொங்கலுக்குள் அந்த மனை கை காலை நீட்டித் தன் முழு அளவுக்கு விரிந்தது. வெளியே இருந்து பார்த்தால் வீடு பழைய வீடுதான், பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. உள்ளே நுழைந்தால் கூடத்தின் மறுகோடி கண்ணுக்கே சிறுத்துத் தெரிந்தது. சமையலறையிலிருந்து ஆதிலட்சுமி கொண்டுவரும் காப்பி, காத்தவராயனின் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போனது. அவர் குறைப்படவில்லை. சர்க்கரைக்காக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டார்.

தை மாதத்தில் பக்கிரி பெண்சாதியோடு பூமி பூஜை போட மேட்டுக்குப் போனார். ஏம்பலம் பக்கத்து விவசாயி. இருந்த நஞ்சையை விற்றுத்தான் அந்த மனையை வாங்கியிருந்தார். மனை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஓடை அறுத்துக் கிடந்தது. மனை போட்டவர் பதறவே இல்லை. "உங்க பேர்ல எழுதிக் குடுத்தாச்சி. அதப் புடிச்சி வெச்சிக்கிறது உங்க பொறுப்பு" என்றார். தேங்காய் பழத்தட்டோடு செம்மண் தடத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்த பக்கிரி, ஆதிலட்சுமி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தன் எல்லைக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நெலத்த வித்துட்டு வாங்குனது தாயி. இத உட்டா எனக்கு ஒன்னுமில்ல."

"இந்த வூட்ட உட்டா எனக்கு மட்டும் இன்னா இருக்குது?" என்றாள் ஆதிலட்சுமி.

இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். அதனால்தான் வழக்கு ஆபீசுக்குப் போனது. சர்வேயர் வந்து, கதஸ்தர் என்கிற நில அளவைப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கூடத்தை அளந்தார். மனை ஓர் அங்குலம்கூடக் குறையாமல் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். கல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனை. ஆகவே மனையில் குற்றமில்லை. அதன்மேல் நிற்கும் வீடுதான் ஆக்கிரமிப்பு, கார்த்திகைக்குள் இடித்து அகற்ற வேண்டும் என்று முடிவானது. மேட்டில் தூர்த்துப்போட்ட வாய்க்காலைப் பற்றிக் காத்தவராயன் கேட்டார். அது புதுப் படத்தில் இல்லை என்றார்கள். படத்தில் இல்லாத வாய்க்காலை யாராவது தூர்க்க முடியுமா?

வாடகை கொடுக்க வழியில்லாத பக்கிரி, கூடத்தின் நடுவில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவந்தார். இரண்டு குடும்பமும் குழாயடியில் சண்டை போட்டது, குழம்பையும் மாற்றிக்கொண்டது. வீட்டை இடிக்க ஜேசிபி வருவதாகச் சொன்ன வாரத்தில் மறுபடியும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேட்டுத் தண்ணீர் வாசல் வழியாகச் செக்கச்செவேலென்று உள்ளே ஏறியதும், ஆதிலட்சுமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்சுவருக்குப் போனாள்.

"பின்னால கீழ்த்தெருவுல மணியம்மா வூடு இருக்குதுடி" என்றார் காத்தவராயன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இடித்தாள்.

சுவர் திறந்ததும் மனை இளகியது. சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. எல்லைக்கற்கள், கொட்டகை, தங்கள் கட்டிலில் உட்கார்ந்து தட்டுமுட்டுச் சாமான்களை இறுக்கிப் பிடித்தபடி பக்கிரியும் அவர் பெண்சாதியும் என்று எல்லாமே அந்த ஓட்டை வழியாக வரிசையாக வெளியேறின. பக்கிரி ஆதிலட்சுமியைத் திட்டவில்லை. தன் மனை போகிற இடத்துக்குத்தானே அவரும் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் கூடம் பழையபடி சின்னக் கூடமானது. கீழே மனை இல்லை, ஆகவே வீடு ஆக்கிரமிப்பும் இல்லை. காத்தவராயனுக்குக் காப்பி சூடாக வந்தது. ஆதிலட்சுமி சந்தோஷப்பட்டாள்; சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டு அழுதாள்.

மழை விட்டதும் மணியம்மாள் வந்து வாசலில் நின்றாள். இடுப்பு வரைக்கும் செம்மண். அவள் வீடு ஆதிலட்சுமியின் வீட்டில் பாதிகூட இருக்காது. கூப்பாடு போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தெருவே எட்டிப் பார்த்தது. அவள் அதெல்லாம் செய்யவில்லை.

"அந்தக் கடப்பாரைய குடு" என்றாள்.

ஆதிலட்சுமி முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது அந்தச் சரிவில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பின்சுவரிலும் அகலமாக ஒரு வாசல் வைக்கிறார்கள். கொத்தனார்களே அதைச் சொல்லிவிடுகிறார்கள். பக்கிரியின் மனை வருஷத்துக்கு ஒரு தெருவாகக் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. அவரும் கூடவே போகிறார், வரி தவறாமல் கட்டுகிறார். சர்வேயர் தை மாதம் வந்து அளந்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். மேட்டில் அடுத்த மனைப்பிரிவுக்குக் கொடி நட்டிருக்கிறார்கள். கடப்பாரை வீடு வீடாகக் கைமாறிப் போய்விட்டது. ஆதிலட்சுமி அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மணியம்மாளும் அதன் பிறகு அவளோடு பேசவில்லை.