அழிந்த நாலரை மணி நேரம்

விடிந்தும் விடியாமலும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை கொதிக்கத் தொடங்கிவிடும். ஆள் உயர அட்டைக் கட்டுகளைச் சுமந்து, குனிந்து, அழுத்து இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். மூக்கெல்லாம் தூசி. போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு அந்த இயந்திரம்தான், எல்லோரும் பசை அக்கா என்று கூப்பிடுபவரின் வலது கையை நசுக்கியது. நாற்பது பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் பார்த்ததை, நடக்கவே இல்லை என்றது ஒரு தாள். அந்தத் தாளைத் தயாரித்தவள், அலுவலகக் கண்ணாடி அறையில் பதிவுகளைப் பார்க்கும் நான்.

விசாரணைக்காக இயந்திரப் பதிவையும் வாசல் பதிவையும் ஒரே அட்டவணையாக மாற்றச் சொன்னார் மேலாளர். வாசல் பதிவில் இருப்பது நம் நேரம். இயந்திரம் கடல் தாண்டிய தலைமை அலுவலகத்தின் நேரத்தைப் பதியும். நாலரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம் வரும். எது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருந்தது. அட்டவணை அதை ஏற்காமல் கட்டம் கட்டமாகச் சிவந்தது. அந்தக் குறிப்புகளைக் குப்பை என்று மொத்தமாக அழித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று எனக்கு அந்த மட்டுப் புத்திகூட இல்லை.

தாளில் இயந்திரம் நின்றது நள்ளிரவு 1.50. அக்கா உள்ளே வந்தது 5.50.

"மிஷின் நின்னப்ப அந்தம்மா உள்ளயே இல்ல. வெளிய எங்கயோ அடிபட்டிருக்காங்க" என்றார் மேலாளர். வேலையில் பட்ட காயம் இல்லையென்றால் அக்காவுக்கு நஷ்டஈடு இல்லை, இனி இங்கே வேலையும் இல்லை.

"சார், தப்பு என்னோடது. நாலரை மணி நேரம் கூட்டணும்."

"தெரியும்மா. மேல அனுப்பியாச்சு. கையெழுத்து உன்னோடது. பேசாம இருந்தா உனக்கு நல்லது."

தெரிந்தே செய்திருக்கிறார்.

மறுநாள் காலை, குறிப்பு அழியாத மூலப் பதிவை அச்செடுத்துக்கொண்டு இயந்திரக் கூடத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பளு தூக்கும் வண்டி ஓட்டும் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, எங்க அக்கா கைய நடுராத்திரியில நசுக்கிட்டியேம்மா."

எனக்குக் கூசியது.

"விசாரணைல இதச் சொல்லுவியா? வேலை போயிடும்."

"சொல்றேண்ணே. தனியா போகத்தான் பயமா இருக்கு."

"தனியா யாரு போகச் சொன்னா?"

வண்டியை அணைத்தார். ஒவ்வொன்றாக இயந்திரங்களும் நின்றன. பசை படிந்த கைகள் நான் கொண்டுபோன தாளின் ஓரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டன. மேலாளர் ஓடி வந்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது? மணி என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார். ஆறு இருபது" என்றார் அண்ணன். "இதையாவது சரியா எழுதிக்கோங்க."

நாளை விசாரணை. என்ன ஆகுமோ தெரியாது. நாற்பத்தொரு பேர் போகிறோம்.