சம்பந்திகள் இழுத்த துணி

துணி ஏன் தொய்கிறது என்று கந்தப்பனுக்கு விளங்கவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் படகு அது. சட்டம் கச்சிதமாக வந்திருந்தது. குறுக்கே பிளைவுட்டில் அறுத்த விலாக்கள், நெடுக மெல்லிய ரீப்பர் கட்டைகள். பார்த்தால் பெரிய மீனின் முள் போல இருக்கும். பல்லடத்துத் தறியில் நெய்த கேன்வாஸை அதன்மேல் சுற்றித் தைத்து, பெயிண்ட் பூசினால் தண்ணீர் புகாது. ஆனால் துணி மத்தளம் மாதிரி இறுக வேண்டும். தொய்ந்தால் தண்ணீர் அதை விலாக்களுக்கு நடுவே உள்ளே அமுக்கும். படகு எருமையைப் போல அசைய மறுக்கும்.

ஒவ்வொரு முறை தைத்தபோதும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"நூல் சரியில்லீங்களா சம்மந்தி?" என்றார் சென்னகிருஷ்ணன். அவர் மகள் ரித்திகாவைத்தான் கந்தப்பன் மகன் நிதீஷுக்குக் கட்டியிருந்தது. மணமக்களுக்குப் படகு செய்து தருவதாகச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அறிவித்ததும் இந்தச் சம்பந்திகள்தான். ஞாயிறன்று உடுமலைப்பேட்டைத் தோட்டத்துக் குட்டையில் வெள்ளோட்டம். வேன் பிடித்துச் சனம் வருகிறது.

நூலை மாற்றினார்கள். துணியை நனைத்துப் பார்த்தார்கள். வெயில்மேல் பழி போட்டுப் படகை வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். நிழலிலும் தொய்ந்தது.

சனிக்கிழமை ரித்திகா வந்து பார்த்தாள். படகின் இந்தப் பக்கம் மாமனார், அந்தப் பக்கம் அப்பா. அடிவயிற்றைச் சுற்றி மேலே வரும் துணியின் ஓரங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்து, வேட்டியை இறுக்குவது போல எதிரெதிராக இழுக்க வேண்டும்.

"கொஞ்சம் இழுத்துக்கறனுங்க சம்மந்தி," என்றார் மாமனார்.

"அய்யோ, தாராளமா இழுங்க!" என்று அப்பா பிடியைத் தளர்த்தினார்.

"சேச்சே, மொதல்ல நீங்க இழுங்க!" என்று மாமனாரும் தளர்த்தினார்.

கல்யாணப் பந்தியிலும் 'நீங்க உக்காருங்க' என்று சொல்லிச் சொல்லியே இருவரும் சாப்பிடாமல் போனவர்கள்.

"ஏனுங்க மாமா, இப்பிடி உபசாரம் பண்ணுனா துணி எப்பிடீங்க இறுகும்?"

"சம்மந்தி கையில இருக்கறத வெடுக்குனு புடுங்க முடியுமா கண்ணு? சனம் என்ன பேசும்?"

"நாளைக்கு நாங்க குட்டைல முழுகுனா என்ன பேசும்? இன்னிக்கு இறுகலீன்னா பிளாஸ்டிக் படகு வாடகைக்கு எடுத்துட்டு வந்துருவேன், பாத்துக்குங்க."

"பிளாஸ்டிக்கா!" இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

சென்னகிருஷ்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மன்னிச்சுப்போடுங்க சம்மந்தி!" என்று சொல்லி ஒரே இழுப்பு. மரியாதை தெரிந்த கந்தப்பன் சட்டென்று விட்டுவிட்டார். துணியோடு சேர்ந்து சென்னகிருஷ்ணன் மல்லாந்தார்.

"அப்பா, உங்க ரெண்டு பேரயும் எதிரும் புதிருமா நிக்க வெச்சா வேலைக்காகாது," என்றாள் ரித்திகா, சிரிப்பை அடக்க முடியாமல்.

கந்தப்பன் சம்பந்தியைத் தூக்கி நிறுத்தி மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "அப்பொ ஒரே பக்கம் நின்னுக்கலாமுங்க," என்றார்.

துணியின் ஓரங்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு, இரண்டு ஓரத்திலும் துளை போட்டார்கள். ஷூவுக்கு லேஸ் கோப்பது போல ஒரே நைலான் கயிற்றை முன்நுனியிலிருந்து பின்நுனிவரை மாற்றி மாற்றிக் கோத்தார்கள். முன்நுனியில் கயிற்றைக் கட்டிவிட்டு, பின்பக்கம் சேர்ந்து நின்று, இருவரும் ஒரே திசையில் இழுத்தார்கள். கயிறு நீள வாக்கில் இறுக, ஓரங்கள் தாமாக நெருங்கின. துணி இறுகியது.