எஞ்சின் மட்டும் வெளியே

நிமிஷம் தன் எஞ்சினில்தான் ஏறப்போகிறார் என்று பணிப்பட்டியலில் பார்த்ததும் தங்கச்சி முதலில் செய்த காரியம், ஓய்வறைக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததுதான். மத்தியானத்துக்கான சாப்பாடு அது. மணி பத்துகூட ஆகவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றாள். ஒன்பது மாதமாக மண்ணாக இறங்கிய சோற்றில் அன்றைக்குத்தான் உப்பும் காரமும் தெரிந்தன.

நிமிஷம் என்பது ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர். கட்டுப்பாட்டு அறையின் பெரிய அதிகாரி அவர். எந்த ரயில் எங்கே நிற்பது, எது எதற்கு வழிவிடுவது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி வயர்லெஸ்ஸில் உத்தரவு போடுகிறவர். தாமதமாக வந்து சேர்ந்த ஓட்டுநரிடம் "என்ன ஆச்சு?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "எத்தனை நிமிஷம்?" என்றுதான் கேட்பார்.

தங்கச்சியும் ஓட்டுநர்தான். ஓட்டுநர்கள் அறையில் தலை நரைத்தவர்கள் முதல் நேற்றுச் சேர்ந்தவர்கள் வரை எல்லாருக்கும் அவள் தங்கச்சி. அவளுக்கு முன்னால் அங்கே அவளுடைய அண்ணன் இருந்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டு எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததுதான்.

அண்ணன் ஓட்டியதும் இதே சரக்கு ரயில், இதே பாதை. போகிற வழியில் பாறையை வெட்டிப் பாதை போட்ட ஒரு நீளமான பள்ளம் உண்டு. கட்டிங் என்பார்கள். இரண்டு பக்கமும் கல்சுவர். வெளியே எந்தக் காற்று அடித்தாலும் உள்ளே ரயில் அசையாது. அதைத் தாண்டிவிட்டால் ஆற்றுப்பாலம் வரைக்கும் மூன்று கிலோமீட்டர் உயரமான மண்கரை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. சுமை ஏற்றிய பெட்டி என்றால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காலிப் பெட்டி, காற்றுக்கு வெறும் அட்டைப்பெட்டி.

போன வருஷக் காற்றுக்காலத்தில் அண்ணன் ஒருநாள் காலிப் பெட்டிகளோடு கட்டிங்குக்குள் நின்றுவிட்டான். நாற்பது நிமிஷம். நிமிஷம் அவனைக் கூப்பிட்டு, பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்து, "காத்துக்குப் பயப்படறவனுக்கு எஞ்சின் எதுக்கு? போய்ப் பட்டம் விடு" என்று கேட்டுவிட்டு, மூன்று மாதம் வண்டியே கொடுக்காமல் உட்கார வைத்தார். அடுத்த தடவை காற்று வந்தபோது அண்ணன் நிற்கவில்லை. கரைமேல் போனான். முப்பத்தாறு பெட்டியும் எஞ்சினை இழுத்துக்கொண்டு சரிந்தன. அண்ணன் அதிலேயே போய்விட்டான்.

விசாரணை நடந்தது. "நிற்கலாமா என்று ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையைக் கேட்கவே இல்லை. இது அவருடைய சொந்த அலட்சியம்" என்று எழுதி மூடிவிட்டார்கள். அன்றைக்கு வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்கிற கருவி பழுதாம். சரியாக அன்றைக்கு மட்டும்.

அதோடு விட்டார்களா? கவிழ்ந்த எஞ்சினைப் படம் எடுத்து, பெரிதாக்கி, ஓட்டுநர்கள் அறையில் மாட்டினார்கள். கீழே கொட்டை எழுத்தில், "ஓட்டுநரின் அலட்சியம்." பணிக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் படித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கச்சியும் போட்டாள், தினம் தினம்.

"அந்தப் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுட்டு வர்ற கையால என் வீட்டுக் கதவைத் தட்டாதே" என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

"அண்ணி, நான் வேலையை விட்டுட்டா அவனை யார் பார்த்துக்கறது?"

"எவனை?"

"நிமிஷத்தை."

அண்ணி கதவைச் சாத்தினாள். ஆனால் ஓசை வராமல் சாத்தினாள்.

அந்த விபத்துக்குப் பிறகு நிமிஷம் ஒரு புதுமை செய்தார். ஓட்டுநர்கள் எஞ்சினுக்குள் அரட்டை அடிக்கிறார்கள் என்று சொல்லி, எல்லா எஞ்சினிலும் குரலைப் பதிவு செய்கிற கருவி வைத்தார். பூட்டிய இரும்புப் பெட்டி. சாவி தலைமை அலுவலகத்தில். இதனால் அதிகம் அடிபட்டவன் ரேடியோ. தங்கச்சியின் உதவி ஓட்டுநர். வாய் ஓயாதவன் என்பதால் அந்தப் பெயர். பெட்டி வந்த நாளிலிருந்து எஞ்சினுக்குள் சிக்னலைச் சொல்வதோடு சரி. மாமியார் சண்டையைக்கூடக் கையாலேயே நடித்துக் காட்டுவான்.

நிமிஷம் சரியாகப் பதினொன்று பத்துக்கு ஏறினார். ஓட்டுநர்கள் எங்கே நேரத்தைத் தின்கிறார்கள் என்று நேரில் பார்க்க வந்திருக்கிறாராம். ஓரத்து இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்து உட்கார்ந்தார்.

"கிளம்பலாமாம்மா? ரெண்டு நிமிஷம் போச்சு."

"கார்டு பச்சைக்கொடி காட்டட்டும் சார்."

பின்னால் நாற்பது பெட்டி. எல்லாம் காலி. கடைசியில் கார்டின் பெட்டி. முதல் ஒரு மணி நேரம் வெயில். பிறகு வானம் ஒரு ஓரத்திலிருந்து காயம்பட்ட தோல் மாதிரி பச்சையும் கறுப்புமாக மாறியது. வயல்களில் மாடுகள் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன. வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைக் குமாஸ்தா எழுதி வைத்ததை ஒப்பித்தான்: "பலத்த காற்று, சுழல்காற்று எச்சரிக்கை. ஓட்டுநர்கள் சொந்தப் பொறுப்பில் முடிவு செய்யவும்."

ரேடியோ தங்கச்சியைப் பார்த்து ஆள்காட்டி விரலைச் சுழற்றினான். பிறகு அதே விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினான்.

பின்னால் வந்த எக்ஸ்பிரஸ், அவர்கள் பாலத்தைத் தாண்டினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று முந்தின ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. கட்டிங்கின் கல்சுவர்கள் எதிரே தெரிந்தன. தங்கச்சி வேகத்தைக் குறைத்தாள்.

"சார், கட்டிங் வருது. காத்து மோசமா இருக்கு. உள்ளே நின்னுக்கட்டுமா?"

நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தார். "எக்ஸ்பிரஸ் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. நீ ஒரு நிமிஷம் நின்னா அங்கே மூணு நிமிஷம். போ."

"எல்லாம் காலிப் பெட்டி சார். கரைமேல போகணும்."

"போன்னு சொன்னேன்."

"கடைசியா கேக்கறேன் சார். நிக்கட்டுமா?"

நிமிஷத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க குடும்பத்துக்கே இது வியாதியா? உங்க அண்ணனும் இப்படித்தான் அன்னைக்கு நிக்கட்டுமா நிக்கட்டுமான்னு உயிரை எடுத்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இரும்புப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார்.

கேட்டிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதி, படம் மாட்டி, அதன் கீழே தங்கையையே கையெழுத்துப் போட வைத்தார்களே, அந்த அண்ணன் கேட்டிருக்கிறான்.

ரயில் கட்டிங்குக்குள் நுழைந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கல்சுவருக்குள் வந்தன. எத்தனை கம்பம் தாண்டினால் கார்டின் பெட்டியும் உள்ளே வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கம்பங்களை எண்ணினாள். வாக்கி டாக்கியில், "கார்டய்யா, உள்ளே வந்தாச்சா?" என்றாள்.

"வந்தாச்சு தாயி. நின்னுக்கோ, பத்திரமான இடம்."

அவள் நிற்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து முன்னே போனாள். கட்டிங்கின் வாய் வந்தது. எஞ்சின் மட்டும் வெளியே நீட்டியபடி, முதல் பெட்டி சுவரை விட்டு வெளியே வராமல், பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். பிறகு எஞ்சின் முன்னே போவதா பின்னே போவதா என்று தீர்மானிக்கிற சின்னக் கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது இல்லாமல் எஞ்சின் ஒரு அங்குலம் நகராது.

"ஏன் நின்னே?" என்று ஆரம்பித்த நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார்.

இடது பக்கம், வயலுக்கு அப்பால், வானத்திலிருந்து தரைக்கு ஒரு கறுப்புத் தூண் இறங்கியிருந்தது. அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரு தகரக் கூரையைத் தூக்கிக் காகிதம் மாதிரி சுழற்றிக்கொண்டு கரையை நோக்கி வந்தது. எஞ்சின் இலேசாக ஆட ஆரம்பித்தது.

"பின்னால எடு!"

"எக்ஸ்பிரஸ் காத்துக்கிட்டு இருக்கே சார். நிமிஷம் போயிடுமே."

"நிமிஷமாவது மண்ணாவது! பின்னால எடும்மா!"

"எடுக்கலாம். எங்க அண்ணன் உங்களை எத்தனை தடவை கேட்டான்?"

அவர் கதவுக்குப் பாய்ந்தார். காற்று கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருந்தது; தோளைக் கொடுத்துத் தள்ளியும் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. திரும்பி அவள் மடியிலிருந்த கைப்பிடியைப் பறிக்க வந்தார். அவள் அதை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"கிட்ட வந்தா வெளியே போட்டுடுவேன். அப்புறம் மூணு பேருக்கும் ஒரே இடம்தான்."

கண்ணாடியில் கல் வந்து மோதியது. பிறகு பிடி பிடியாகக் கல். தங்கச்சி ரேடியோவைப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்த எஞ்சினுக்குள் சிக்னலைத் தவிர வேறு வார்த்தை பேசாதவன் வாயைத் திறந்தான்.

"சார், சொல்லித் தொலைங்க சார்! எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. உங்களோட சேர்ந்து செத்தா என் பொண்டாட்டி என்னை மன்னிக்கவே மாட்டா!"

தூண் கரையைத் தொட்டது. தந்திக்கம்பங்கள் வேரோடு வந்தன. எஞ்சினின் இடது பக்கம் தூக்கிக்கொண்டது போல் ஒரு கணம் இருந்து, தொம்மென்று இறங்கியது. நிமிஷம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டான்! மூணு தடவை கேட்டான்!"

"எங்கே நிக்கணும்னு கேட்டான்?"

"இங்கேதான்... இதே கட்டிங்லதான்! நான்தான் போன்னேன்! போதுமா? பின்னால எடு!"

"அந்தப் பதிவு?"

"நான்தான் அழிக்கச் சொன்னேன்! ஐயோ, என்னைக் காப்பாத்தும்மா, உன் காலைப் பிடிக்கறேன்..."

நிஜமாகவே பிடித்தார். அவளுடைய வலது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் காலை உதறாமலே தங்கச்சி கைப்பிடியை மாட்டினாள்.

"கார்டய்யா, பின்னால தள்ளறேன்."

"தள்ளு தாயி, தள்ளு!"

எஞ்சின் கட்டிங்குக்குள் பின்வாங்கியது. கல்சுவர் இரண்டு பக்கமும் மூடிக்கொண்ட அந்த நொடியில் முன்கண்ணாடி உடைந்து உள்ளே கொட்டியது. தங்கச்சியின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. எதிரே, எஞ்சின் நின்றிருந்த இடத்துத் தண்டவாளம் கரையோடு பெயர்ந்து, வளைந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் அடங்க ஏழு நிமிஷம் ஆனது. அந்த ஏழு நிமிஷமும் அவர் கணுக்காலை விடவில்லை. விட்ட பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இதெல்லாம் மிரட்டி வாங்கினது. செல்லாது" என்றார்.

"அண்ணன் நிக்கட்டுமான்னு கேட்டு உங்க உயிரை எடுத்தான்னு சொன்னீங்களே, அப்ப நான் மிரட்டலையே சார். சுழல்காத்துகூட அப்ப வரலையே."

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். பதிவை முதலில் ஒரு தடவை போட்டார்கள். அப்புறம் அவர் கோபத்தில் கத்திய அந்த ஒரு இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டார்கள். அன்றைக்கு வயர்லெஸ் பதிவுக்குப் பொறுப்பாக இருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள். அவன் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பழைய முடிவை ரத்து செய்தார்கள். நிமிஷத்தை வேலையிலிருந்து நிறுத்தி, வழக்குக்கு எழுதினார்கள்.

பிறகு தங்கச்சியின் முறை.

"தெரிஞ்சேதான் எஞ்சினை வெளியே கொண்டுபோனீங்களா?"

"ஆமா சார். தெரிஞ்சேதான்."

அப்படி ஒப்புக்கொள்கிறவர்களிடம் வக்கீலுக்குக்கூட வேலையில்லை. இனி ஆயுசுக்கும் அவள் எஞ்சினில் ஏறக்கூடாது என்றும், பார்சல் கிடங்கில் வேலை பார்க்க வேண்டும் என்றும் தீர்ப்பு. ரேடியோவுக்கு எச்சரிக்கையோடு சரி.

எழுந்து போகப்போனவளை நடுவில் இருந்தவர் நிறுத்தினார். "இது பதிவுக்கு இல்லை. நான் தெரிஞ்சுக்கக் கேக்கறேன். அவர் வாயைத் திறந்திருக்கலேன்னா பின்னால எடுத்திருப்பீங்களா?"

"எடுத்திருப்பேன்னு அவர் ஒரு நொடி நம்பியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார் சார்."

"அது பதில் இல்லையே."

"எனக்கும் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போனாள்.

நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனாள். கதவைத் தட்டினாள். அண்ணி திறந்தாள். நெற்றிக் கட்டைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்தாள். செய்தி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அண்ணன் பேரிலிருந்த பழி நீங்கியது, தங்கச்சிக்கு எஞ்சின் போனது, எல்லாம் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"காலைப் பிடிச்சானாமே. எந்தக் காலு?"

"வலது."

"என்ன சொன்னான்? உன் வார்த்தையில சொல்லாதே. அவன் எப்படிச் சொன்னான், அப்படியே சொல்லு."

தங்கச்சி நிமிஷத்தின் குரலை எடுத்தாள். "ஐயோ, என்னைக் காப்பாத்தும்மா, உன் காலைப் பிடிக்கறேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள். "மெதுவா."