நோர்வே ராசாவின் சிங்கம்

மகேந்திரராசாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். மொன்றியலில் நம்மவர் விழா என்றால் சும்மாவா? சாமத்திய வீட்டில் பெரியபிள்ளையான பெண் பல்லக்கில் வருகிறாள், கலியாண மாப்பிள்ளை குதிரையில் வருகிறான். வருடக்கணக்காகச் சங்கத் தலைவராக இருக்கிறவர் கேக் வெட்ட வெறுமனே நடந்தா வருவார்? தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பார்த்து அவருக்கு வைக்கிங் பித்து ஏறியிருந்தது. பழைய நோர்வே ராசாவாக அரியணையில் இருக்க வேண்டும், பின்னால் அதே கோலத்தில் தன்னுடைய பெரிய ஓவியம் நிற்க வேண்டும் என்று மேடை அலங்காரம் செய்யும் பிரஷாந்தினியிடம் சொல்லிவிட்டார். பிரஷாந்தினிக்குப் படம் வரைந்து கொடுப்பவள் அஜந்தா.

அஜந்தா ரதீசனின் தங்கை. அது மகேந்திரராசாவுக்குத் தெரியாது. சென்ட் லோரன்ட் பகுதியில் அவள் வேலை செய்யும் கிடங்குக்கு வந்தவர், வழக்கப்படி, "பிள்ளை எந்த ஊர்? ஆற்ற மகள்?" என்று கேட்டார். அவள் கணவனின் ஊரையும் மாமனாரின் பெயரையும் சொன்னாள். "ஓ, சிவராசா அண்ணையின்ர மருமகளோ!" என்று மனிதர் குளிர்ந்துபோனார்.

ரதீசன் செய்த ஒரே குற்றம், சங்கத் தேர்தலில் இவரை எதிர்த்து நின்றது. இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. "இவன் எங்கட ஆக்களின்ர பேரைச் சிறிலங்காத் தூதரகத்துக்குக் குடுக்கிறவன்" என்று இவர் மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்க ஒரு நாதி இல்லை. அன்று முதல் ரதீசன் துரோகி. கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள், பேசிவைத்த கலியாணம் நின்றது. வன்கூவருக்குப் போய் ஒரு வாடகை அறையில் தனியே கிடந்தவன், நெஞ்சடைத்துச் செத்தான். உடலைக் கொண்டுவந்தபோது மலர்ச்சாலைக்கு ஒரு சனம் வரவில்லை. பெட்டியருகில் அம்மாவும், அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த அஜந்தாவும் மட்டும் நின்றார்கள். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த வன்மம் இன்றுவரை ஆறவில்லை, ஏன் ஆற வேண்டும்?

"சின்னமெல்லாம் அச்சொட்டா இருக்கவேணும் பிள்ளை. நகரசபையிலயிருந்து வெள்ளைக்காரரும் வருவினம்" என்றார் மகேந்திரராசா.

"அப்ப எரிக் மக்னுசன் எண்ட ராசாவைக் கீறுறன். அவற்ற முகம் எப்பிடி எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. அதால உங்கட முகத்தை வைக்கலாம். கேடயத்தில இருக்கிற சிங்கம் மட்டும் உள்ளபடி வரும்."

"சிங்கமோ! நல்லது, நல்லது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எப்படிப்பட்ட சிங்கம் என்று அவர் கேட்கவேயில்லை. பிறகு வந்து பார்த்தபோதும் தன் முகத்தின் மாதிரியை மட்டும் பார்த்து, மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ராசாவின் சின்னம், சிவப்பு நிலத்தில் பொன்னிறச் சிங்கம். தலையில் கிரீடம், கையில் ஓங்கிய கோடரி. நூற்றாண்டுகள் பழைய சின்னத்தில் அஜந்தா ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. கேடயத்தை மட்டும் ராசாவைவிடப் பெரிதாக, அவர் தலைக்கு மேலே வைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து உயிர் தப்பி வந்த சனத்துக்குச் சிவப்பில் ஆயுதம் தூக்கிய பொன் சிங்கம் என்றால் அது ஒன்றே ஒன்றுதான்: இலங்கை அரசின் வாளேந்திய சிங்கக்கொடி.

விழா நாளில் மேளம் முழங்க, கம்பளி அங்கியும் கிரீடமுமாக மகேந்திரராசா வந்து அரியணையில் அமர்ந்தார். முதுகுக்குப் பின்னால் திரை விலகியது. கைதட்டலுக்காக அவர் சிரித்தபடி காத்திருந்தார்.

முதலில் எழுந்தவர் செபஸ்தியாம்பிள்ளை. கடைசிச் சண்டையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிதர்.

"டேய், ஆற்ற கொடியடா உது? ஆற்ற சிங்கத்துக்குக் கீழ குந்தியிருக்கிறாய்?"

கதிரைகள் சரிந்தன. "துரோகி!" என்று ஒரு பெண் கத்தினாள். பிறகு எல்லோரும் கத்தினார்கள். மேடை ஓரத்தில் நின்ற அஜந்தா அந்தச் சொல்லைக் காது குளிரக் கேட்டாள். பொய் சொல்வானேன், தேனாக இனித்தது.

திரும்பிப் பார்த்த மகேந்திரராசாவின் முகத்தில் ஈயாடவில்லை. அங்கி தடுக்கத் தடுக்க அவளிடம் ஓடிவந்தார். "பிள்ளை, உது நோர்வே எண்டு சொல்லம்மா! நீதானே கீறினனீ!"

"சொல்லுறன். ரதீசன் ஒருத்தரையும் காட்டிக்குடுக்கேல்லை எண்டு முதல்ல நீங்கள் சொல்லுங்கோ. நான் அவன்ர தங்கச்சி."

அவர் மைக்கை எடுத்தார். "ரதீசன் துரோகியில்லை. எலெக்சனுக்காக நான் சொன்ன பொய் அது. அந்தப் பெடியன் ஒரு பாவமும் செய்யேல்லை."

அம்மா சாகும்வரை காதால் கேட்காத வார்த்தை.

செபஸ்தியாம்பிள்ளை காறித் துப்பினார். "கேட்டியளோ? கள்ளனுக்குக் கள்ளன் சாட்சி! இவனுக்கும் ரதீசனுக்கும் ஒரே தூதரகத்துச் சம்பளம்."

"ஓமோம்" என்றது சனம். ரதீசன்மீது இத்தனை காலமும் மனதுக்குள் இரக்கப்பட்டவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

அஜந்தா மைக்கைப் பறித்தாள். "ஐயோ, கேளுங்கோ! உது நோர்வே சிங்கம்! வாளில்லை, கோடரி! வடிவாப் பாருங்கோ! இவர் துரோகியில்லை, இவர் சொன்னது உண்மை!"

"உவள் ஆர் தெரியுமோ? ரதீசன்ர தங்கச்சியாம். உவள்தான் படமும் கீறினவளாம்" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

அதன்பிறகு யாருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. சனம் சாப்பாட்டைத் தொடாமல் வெளியேறியது. மேடையில் மகேந்திரராசாவும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள்.