இரண்டாவது செங்கல்லின் விலை

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது. அந்தப் படத்தின் விலை அதுதான். ஒரு காசு குறையாது.

விலை மதிக்க முடியாத பொருளுக்கு முழுத் தொகை சொல்லக் கூடாது என்பது கறார் பிறந்த வீட்டுப் பாடம். நாற்பதாயிரம் என்றால், வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று வாங்க வந்தவன் நினைப்பான். முந்நூற்று ஐம்பது என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால், ஏதோ கணக்குப் போட்டுத்தான் சொல்கிறாள் என்று அவனே தன்னைச் சமாதானம் செய்துகொள்வான்.

கறார் என்பது தெரு வைத்த பெயர். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பழைய படங்களும் சட்டங்களும் விற்கும் கடை அவளுடையது. கடை திறந்து இருபத்திரண்டு வருடமாகிறது. சொன்ன விலையிலிருந்து ஒரு முறையும் இறங்கியதில்லை. பிறந்த வீடு அப்படி. அங்கே தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகூடக் கிலுகிலுப்பைக்கு இத்தனை அழுகை என்று பேரம் பேசும்.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பெண், சுவர் பூசும் ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள். பழைய காகிதத்தை எடைக்கு வாங்கி விற்கும் அவளுடைய அண்ணனுக்கு அது இன்னும் செரிக்கவில்லை. தங்கையின் புருஷனை அவர் ஒரு நாளும் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. "சுண்ணாம்பு சாப்பிட்டாச்சா? சுண்ணாம்பு வேலைக்குப் போயாச்சா?" அவ்வளவுதான் மரியாதை. கொத்தனார் அதைச் சிரித்தபடி கேட்டுக்கொள்வார். கறாருக்குத்தான் வயிறு எரியும். அவர் கை தொட்டுப் பேசாத சுவரே அந்த ஊரில் இல்லை. அதை அளக்க அண்ணனின் தராசில் படிக்கல் கிடையாது.

படமும் அந்தத் தராசு வழியாகத்தான் வந்தது. மூடிப்போன ஓர் அச்சகத்தின் காகிதக் கட்டை எடைக்கு எடுத்த அண்ணன், நடுவில் கிடந்த ஒரு பெரிய தாளை உருவி, "இந்தா, உன் சுண்ணாம்பு பூசுற கட்டடம். மடக்கி அலமாரிக்கு அடியில போடு" என்று தூக்கி எறிந்துவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்தின் மூலக் கட்டடம். கட்டுவதற்கு முன் வரைந்த முகப்பு வரைபடத்தின் அச்சு. தாள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. கோடு மட்டும் நேற்று இழுத்ததுபோல நின்றது. கீழே சின்ன எழுத்தில், ஓர் அங்குலத்துக்கு எட்டடி என்று அளவு.

கறார் பழக்கதோஷத்தில் ஜன்னல்களை எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மேற்குப் பக்க மாடிப்படிக் கூடத்தில் ஓர் உயரமான வளைவு ஜன்னல் இருந்தது. நிஜக் கட்டடத்தில் அங்கே ஜன்னல் கிடையாது. உள்ளே மொட்டைச் சுவர், வெளியே கொடி படர்ந்த பூச்சு. நட்ட நடுப்பகலிலும் விளக்கெரியும் அந்தக் கூடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் குகை.

அந்தச் சுவரைப் பற்றித்தான் ஆறு வாரத்துக்கு முன் கொத்தனார், கட்டடங்களைக் கவனிக்கும் பொறியாளரிடம் சொன்னார். "சார், இந்தச் சுவர் தட்டினா வேற குரல்ல பேசுது. உள்ள ஏதோ ஒண்ண வெச்சு மூடியிருக்காங்க." பொறியாளர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "சுவர் பேசுதா? எங்கிட்ட பேசலையே! கோப்புல இல்லாத ஜன்னல் சுவத்துல இருக்குமாய்யா? பூசுற வேலைய மட்டும் பாரு." நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்காக அந்தச் சுவர் முழுக்க மரப்பலகை அடிக்க ஏற்பாடாகியிருந்தது. அடித்துவிட்டால் இன்னொரு நூற்றைம்பது வருடத்துக்கு யாரும் திறக்க மாட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த கொத்தனார் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்; சாப்பிடவில்லை.

கறார் படத்துக்குச் சட்டம் போட்டு, வாசலைப் பார்த்து மாட்டினாள். தூண்டிலைச் சும்மா போட அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மீன் வந்தது. விழாவில் துணைவேந்தருக்குப் பரிசளிக்கப் படம் தேடிக்கொண்டிருந்தார் பொறியாளர். விலையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இது தப்பான படம். மேற்கு மாடிப்படில ஒரு ஜன்னல் கூட இருக்கு பாருங்க. அந்தக் காலத்துல பாதிக் கட்டடத்தத்தான் வரைவாங்க. மீதியக் கண்ணாடியில காட்டின மாதிரி திருப்பிப் போட்டு அச்சடிச்சிருவாங்க. கிழக்குல இருக்குற ஜன்னல் மேற்குலயும் விழுந்திருச்சு. பத்தாயிரம் தரேன்."

"திருப்பிப் போட்டா நிழலும் திரும்பணுமில்ல சார்?"

"என்ன நிழல்?"

"கட்டட வரைபடத்துல வெளிச்சம் இடப்பக்கம் மேலேர்ந்துதான் வரும். ஜன்னல் குழிவுல இடது ஓரம் இருட்டா இருக்கும். கிழக்கு ஜன்னலப் பாருங்க, இடது ஓரம் இருட்டு. மேற்கப் பாருங்க, அதுவும் இடது ஓரம். திருப்பிப் போட்டிருந்தா வலது ஓரம்ல இருட்டா இருக்கணும்? இது ஒருத்தர் உக்காந்து கையால வரைஞ்ச ஜன்னல் சார். தலைகீழா மாட்டின படத்தையே தினம் பத்து பாக்குறவ நான்."

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கொத்தனார் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். அவரைப் பார்த்ததும் பொறியாளருக்கு விஷயம் புரிந்தது.

"ஓகோ, குடும்பமா சேர்ந்துதான் ஜன்னல் விக்கிறீங்களா?"

"சந்தேகம் எதுக்கு சார்? ஒரே ஒரு செங்கல் எடுத்துப் பாப்போம். எப்படியும் பலகை அடிச்சு மூடத்தானே போறீங்க? பின்னாடி ஜன்னல் இருந்தா சொன்ன விலை. இல்லேன்னா படம் உங்களுக்கு இனாம்."

பொறியாளர் யோசித்தார். "சரி. ஆனா ஒண்ணு. ஜன்னல் இல்லேன்னா உங்க வீட்டுக்காரர் நாளைலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம். பேசுற சுவர் வேற எங்கயாவது இருந்தா தேடிக்கட்டும்."

கறார் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பணத்தை வைத்துச் சூதாடலாம். அவர் சோற்றை வைத்து ஆடலாமா? திரும்பிப் பார்த்தாள். கொத்தனார் சரி என்று தலையை அசைத்தார்.

அவள் படத்தின் மேல் டேப்பை வைத்து, மூலைத் தூணிலிருந்து ஜன்னல் வரை அளந்தாள். "ரெண்டரை அங்குலம்" என்றாள். டேப்போடு சாலையைக் கடந்து மூவரும் குகைக்குப் போனார்கள். கொத்தனார் மூலையிலிருந்து அளந்து, பன்னிரண்டு அடியில் கரிக்கோடு போட்டார். பிறகு தயங்கினார்.

"என் கை வேற எடத்தச் சொல்லுது. இன்னும் தள்ளிப் போகச் சொல்லுது."

"கைய விடுங்க, கணக்கப் பாருங்க" என்றாள் கறார். பொறியாளர் எதிரில் கணக்குத்தான் எடுபடும் என்று நினைத்தாள். வியாபாரி வீட்டு ரத்தம்.

உளி இறங்கியது. செங்கல் வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொரு செங்கல். அதற்குப் பின்னால் கல். கெட்டியான, நியாயமான, பேச்சே இல்லாத சுவர்.

"படத்த நானே எடுத்துக்கறேன்" என்றார் பொறியாளர்.

கொத்தனார் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். கடை டேப்பின் முனை உடைந்து பத்து வருடம். பூஜ்யம் போனது போனதுதான். புது டேப் வாங்க யாருக்கு மனம் வரும்? ஒன்றிலிருந்து அளந்து, வந்ததில் ஒன்றைக் கழிப்பது அந்தக் கடை வழக்கம்.

"ஏம்மா, ஒண்ணக் கழிச்சியா?"

"கழிச்சுட்டுத்தானே சொன்னேன்! டேப்புல மூணரை இருந்துச்சு."

"நானும் கழிச்சுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளில் ஓர் அங்குலம், சுவரில் எட்டடி. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்தியே பழகியதன் கூலி.

"சார், இன்னும் ஒரே ஒரு செங்கல்" என்றாள் கறார்.

"பேச்சு ஒரு செங்கல்லுக்குத்தான்."

"அது சரி. படம் உங்களுதுதான். ரெண்டாவது செங்கல்லுக்குத் தனியாப் பேசுவோம். ஜன்னல் இல்லேன்னா படத்தோட சட்டமும் கண்ணாடியும் சேத்து இனாம். இருந்தா..." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இருந்தா பாதி விலை குடுங்க. போதும்."

பொறியாளர் காதைக் குடைந்துகொண்டார். "கறார் அம்மா வாயாலயா பாதி? இதுக்காகவே இன்னொரு செங்கல் எடுக்கலாம்யா!"

"இந்தத் தடவ எங்க எடுக்க?" என்றார் கொத்தனார்.

"உங்க கை எங்க சொல்லுதோ அங்க."

அவர் டேப்பைச் சட்டைப் பையில் போட்டார். விரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, காதைச் சாய்த்து, தலையாட்டினார். இம்முறை உளி நாலே அடி வாங்கியது. செங்கல் உள்பக்கமாக விழுந்து, எங்கோ ஆழத்தில் தொம்மென்றது.

பொறியாளர் கைப்பேசி வெளிச்சத்தை ஓட்டைக்குள் காட்டினார். நீலமும் தேன்நிறமுமாக ஏதோ மின்னியது. அடைத்து மூடியவர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைக்க மனம் வராமல் அப்படியே விட்டிருந்தார்கள். பொறியாளர் தலையிலிருந்த வேலைத்தளத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் கொத்தனாரிடம். பிறகு கேட்டார்: "முழுசாத் திறக்க எத்தன நாள் ஆகும்?"

"பதினொண்ணு" என்றார் கொத்தனார். கறார் புருஷன் இல்லையா, முழுத் தொகையாகப் பத்து என்று சொல்லவில்லை.

விழாவன்று காலை குகையில் விளக்கை அணைத்தார்கள். ஜன்னல் வழியே வந்த வெயில் எதிர்ச்சுவரில் பட்டு, படிக்கட்டெல்லாம் வெளிச்சம். மாணவர்கள் படியிலேயே நின்றுவிட்டதால் மாடிக்கு வழியில்லாமல் போனது. ஜன்னலுக்கு எதிரே படம் தொங்கியது. அதன்கீழே ஒரு சின்னத் தகட்டில், சுவரைக் கேட்டுக் கண்டுபிடித்தவர் என்று கொத்தனாரின் பெயர். கறார் அதை எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தாள். எழுத்தறியாதவள் அல்ல, சுவைக்குத்தான்.

அண்ணன் வந்தார். ஜன்னலைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"எடைக்கு வாங்கின தாளு" என்று முணுமுணுத்தார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "மாப்பிள்ளை, இங்கேர்ந்து பாத்தா நல்லாத் தெரியுது."

தன்னைத்தான் அவர் கூப்பிடுகிறார் என்று தெரியாமல், யாரையோ என்று கொத்தனார் திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை கறார் கடைப் பேரேட்டைத் திறந்து எழுதினாள்:

படம் ஒன்று: 41,350.
இரண்டாவது செங்கல்லுக்குத் தள்ளுபடி: 20,675.
வரவு: 20,675.
புது டேப் வாங்கியது: 85.
அண்ணன் தர வேண்டிய "மாப்பிள்ளை", நாளொன்றுக்கு ஒன்று வீதம், இருபத்திரண்டு வருடத்துக்கு: 8,030.
வரவு: 1.
பாக்கி: 8,029. தள்ளுபடி கிடையாது.