மூன்றாவது விரல்

1
கிட்டே வாருங்கள், கண்ணுகளா. ஒரு பறவைக் கதை சொல்கிறேன். முழுசாகச் சொல்வேனா என்பது எனக்கே சந்தேகம். நெருப்புக்கோழி உயரம், பறக்காது, பூண்டற்றுப் போய்ப் பல லட்சம் வருஷம். அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் கால் எலும்பைப் பார்த்தேன். ஒரு விரல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அங்கேதான் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: பரந்த புல்வெளியில் அந்தப் பறவை தலையைத் தூக்கி—

(வேண்டாம். நான் என்ன பக்கத்தில் நின்று பார்த்தேனா?)

எலும்பு சுத்தம் செய்கிறவளிடமிருந்து தொடங்குகிறேன். மெல்லிய ஊசியால் மண்ணைச் சுரண்டுவது அவள் வேலை. தோண்டி எடுத்து வந்தவன் அவள் அண்ணன். நெருப்புக்கோழிக்கு இரண்டு விரல், இதற்கு மூன்று. அதனால்தான் இது நெருப்புக்கோழி இல்லை, இதுவரை யாரும் அறியாத புது இனம். அதனால்தான் நாளை அறிவிப்பு. அந்த விரல் பொய்யென்றால் அண்ணனின் பெயரே போய்விடும். "எல்லாம் அசல்" என்று கையெழுத்துப் போட வேண்டியவள் இவள்.

ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும் புறஊதா விளக்கைப் பிடித்தாள். மூன்றாவது விரலின் அடியில் பசை பளிச்சிட்டது.

3
"அண்ணே, இத யாரு ஒட்டுனா?"

"நீதான். போன மாசம் உடைஞ்சு வந்துச்சு, ஒட்டிக் குடுத்தே. மறந்துட்டியா?"

"ஒட்டுறதெல்லாம் எழுதி வைப்பேனே. என் நோட்டுல இல்லையே."

"நீ சாப்பிட்டதுகூடத்தான் நோட்டுல இல்ல. பட்டினியா கெடந்தே?"

சிரித்தான்.

(இந்தச் சிரிப்பை நான்கு முறை அடித்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிட நல்லவனாகச் சிரிக்கிறான். எனக்கு அதுதான் இடிக்கிறது.)

பசை அவள் மேஜையில் இருப்பதுதான். அவன் எடுத்திருக்கலாம். அவளே ஒட்டி மறந்திருக்கலாம். அவளுக்கு அண்ணன்மேல் சந்தேகம், தன்மேல் அதைவிட. எனக்கோ, அவளுக்கு அந்த ஒரு நாளின் நினைவைக் கொடுக்காமல் விட்ட என்மேல்.

4
பசையைக் கரைத்தால் தெரிந்துவிடும். உடைந்த இடத்தின் இரு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஒரே எலும்பு. இல்லையென்றால் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தது. தூரிகையைத் திரவத்தில் தோய்த்தாள்.

"என்மேல நம்பிக்கை இல்லையா, பாப்பா?"

"இருக்குண்ணே. அதான் பாக்குறேன்."

ஒரு முடிவு: பொருந்தியது, ஆனால் அதன்பின் அண்ணன் அவளோடு—
இன்னொன்று: பொருந்தவில்லை, அவள் பேனாவை எடுத்து—

இரண்டையும் கிழித்துவிட்டேன். தூரிகை பட்டதும் அண்ணன் அந்த எலும்பு விரலுக்கு அடியில் தன் உள்ளங்கையை நீட்டினான். விழுந்தால் தாங்கவா, விழுந்ததும் மூடிக்கொள்ளவா? நான் நெடுநேரம் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

பசை இளகுகிறது. உங்கள் வீட்டில் கூடப்பிறந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் இப்படி உற்றுப் பார்க்க நேராமல், மனசு நிறைந்து வாழட்டும்.